குடுவைத் தாவரம்: பூச்சி வழுக்கி விழுவது முதல் செரித்து முடிப்பது வரை

எறும்பு ஒன்று குடுவையின் விளிம்பில் ஏறி உள்ளே எட்டிப் பார்க்கிறது. மேலே நிற்கும் மூடி படாரென்று மூடிக்கொள்கிறது. இப்படி ஒரு வீடியோ உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். அது ஜோடித்த காட்சி. குடுவைத் தாவரத்தின் மூடி ஒருமுறை திறந்துவிட்டால், அந்தக் குடுவை காய்ந்து போகும்வரை திறந்தேதான் இருக்கும். படாரென்று மூடுவது வீனஸ் ஃப்ளைட்ராப் என்ற வேறொரு செடி. அமெரிக்காவின் கரோலினா பகுதியைச் சேர்ந்த அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் கிளம்பிய தகவல்கள் ஏராளம்.

இன்னும் இரண்டு குழப்பங்கள் உண்டு. "பூச்சியைத் தின்று உயிர் வாழும் செடி" என்பது ஒன்று. "வீட்டில் ஒரு தொட்டி வைத்தால் கொசு ஒழியும்" என்ற விற்பனைப் பேச்சு இன்னொன்று. இந்த மூன்றும் ஏன் தவறு என்பது, இந்தச் செடி வேலை செய்யும் விதத்தை அடியிலிருந்து பார்த்தால் தானாகவே விளங்கும்.

எந்தச் செடி இது?

குடுவை வைத்துப் பூச்சி பிடிக்கும் செடிகள் எல்லாம் உறவுக்காரர்கள் அல்ல. வட அமெரிக்காவின் சாரசீனியா, தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் செபலோட்டஸ், ஆசியாவின் நெப்பந்தஸ் மூன்றும் தனித்தனிப் பரம்பரைகள். ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், தனித்தனியாகவே குடுவை என்ற தீர்வுக்கு வந்து சேர்ந்தவை. இந்தக் கட்டுரை நெப்பந்தஸ் பற்றியது.

நெப்பந்தஸில் 150க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மேற்கே மடகாஸ்கரில் தொடங்கி கிழக்கே நியூ கலிடோனியா வரை பரவியிருந்தாலும், செழித்துக் கிடப்பது போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் தீவுகளில்தான். இந்தியாவில் காட்டில் வளர்வது நெப்பந்தஸ் காசியானா மட்டும், அதுவும் மேகாலயா மலைகளில். இலங்கையில் நெப்பந்தஸ் டிஸ்டிலேட்டோரியா. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத இந்த இனத்தைச் சிங்கராஜ வனம் உள்ளிட்ட தென்மேற்கு ஈரவலயத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் காடுகளில் நெப்பந்தஸ் கிடையாது. இங்கே பூச்சி பிடிக்கும் செடி பார்க்க வேண்டுமென்றால், இலையில் பசைத் துளிகள் மின்னும் டுரோசெராவைத் தேடி நீலகிரி, கொடைக்கானல் பக்கம் போகலாம்.

வகைப்பாட்டில் ஒரு வேடிக்கை. நெப்பந்தஸும் டுரோசெராவும் வீனஸ் ஃப்ளைட்ராப்பும் இருக்கும் அதே தாவர வரிசையில்தான் நம் முளைக்கீரையும் சப்பாத்திக்கள்ளியும் காகிதப்பூவும் வருகின்றன.

குடுவை என்பது பூ அல்ல, இலை

நெப்பந்தஸ் ஒரு கொடி. அகலமாக, பச்சையாக, இலை போலத் தெரியும் பகுதியின் நடு நரம்பு நுனியைத் தாண்டி நீண்டு பற்றுக்கம்பியாகிறது. அந்தக் கம்பியின் முனை ஊதிப் பெருத்துக் குடுவையாகிறது. வளரும் பருவத்தில் மூடி இறுக ஒட்டியிருக்கும். அப்போதே உள்ளே திரவம் சுரந்து நிற்கும். ஆகவே குடுவைக்குள் இருப்பது வெறும் மழைத் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. முழு அளவு வந்ததும் மூடி பிரிந்து நிமிர்கிறது. அதன்பின் மூடியின் வேலை, மழை கொட்டி உள்ளிருக்கும் திரவத்தை நீர்க்கச் செய்துவிடாமல் குடை பிடிப்பதும், அடிப்பக்கத்தில் தேன் சுரந்து பூச்சியை வரவழைப்பதும்.

திறந்த குடுவையை மேலிருந்து கீழாக நான்கு பகுதிகளாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்:

1. மூடி.
2. விளிம்பு வளையம். வாயைச் சுற்றிச் சுருண்டு, வரிவரியாக, பல இனங்களில் சிவந்து பளபளப்பாக இருப்பது.
3. மெழுகுப் பகுதி. உட்சுவரின் மேல் பாதி. சாம்பல் பூத்தது போல மங்கலாகத் தெரியும். எல்லா இனங்களுக்கும் இது இருப்பதில்லை.
4. சுரப்பிப் பகுதி. கீழ்ப் பாதி, திரவம் நிற்கும் இடம். செரிமானமும் உறிஞ்சுதலும் இங்கேதான்.

பசிக்காக அல்ல, நைட்ரஜனுக்காக

எல்லாப் பச்சைச் செடிகளையும் போல நெப்பந்தஸும் ஒளிச்சேர்க்கை செய்து தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பூச்சியிடமிருந்து அது எடுப்பது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளை. மற்ற செடிகள் இவற்றை வேர் வழியாக மண்ணிலிருந்து எடுக்கின்றன. நெப்பந்தஸ் வளரும் இடங்களில் மண்ணில் இவை மிகக் குறைவு: மழை கழுவிக்கொண்டே இருக்கும் வெள்ளை மணல் காடுகள், அமிலத்தன்மை கொண்ட சதுப்புகள், மலை உச்சிப் பாறைச் சரிவுகள். நம் கணக்கில் சொன்னால் பூச்சி அதற்குச் சாப்பாடு அல்ல, உரம்.

அப்படியானால் சத்தில்லாத மண்ணில் வளரும் எல்லாச் செடிகளும் ஏன் பூச்சி பிடிக்கவில்லை? தாவரவியலாளர் தாமஸ் கிவ்னிஷ் 1984இல் இதற்கு ஒரு வரவு செலவுக் கணக்கு போட்டுக் காட்டினார். அதன் சாரம்:

1. குடுவை ஒரு செலவு. அதே இலைப்பொருளைத் தட்டையாக விரித்திருந்தால் இன்னும் அதிகமாக ஒளிச்சேர்க்கை செய்திருக்கலாம்.
2. அந்தச் செலவு கட்டுப்படியாக வேண்டுமென்றால், கிடைக்கும் நைட்ரஜனை வளர்ச்சியாக மாற்ற வெயிலும் தண்ணீரும் தாராளமாக இருக்க வேண்டும்.
3. வெயிலும் தண்ணீரும் இருந்து, சத்து மட்டும் இல்லாத இடத்தில்தான் பொறி லாபம் தரும். நிழலிலோ வறட்சியிலோ நட்டம்.

பூச்சியுண்ணும் செடிகள் பெரும்பாலும் திறந்தவெளிச் சதுப்புகளில் இருப்பதும், அடர்காட்டின் இருட்டுத் தரையில் அரிதாக இருப்பதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. தொட்டியில் வளர்க்கும் நெப்பந்தஸுக்கு வேரில் உரம் போட்டால் குடுவைகள் குறைந்து, இலை பெருக்கிறது. உரம் வேர் வழியாகவே வந்துவிட்டால் பொறிக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?

வழுக்கல்: பொறியின் உயிர்நாடி

பூச்சியை வரவழைப்பதில் தேனுக்குத்தான் முதலிடம். மூடியின் அடியிலும் விளிம்பின் உள் ஓரத்திலும் அது சுரக்கிறது. இதோடு வேறு சிலவும் சேர்ந்திருக்கலாம். திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தார், காசியானா உள்ளிட்ட இனங்களின் விளிம்பு புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வதை 2013இல் காட்டினார்கள். மூடிய குடுவைக்குள் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அடைபட்டிருக்கிறது என்பதையும் அதே நிறுவனம் பின்னர் அளந்து சொன்னது.

வந்த பூச்சி விழுவது எப்படி? நீண்ட காலமாகப் பாடநூல்கள் உட்சுவர் மெழுகையே காரணமாகச் சொல்லி வந்தன. மெழுகே இல்லாத இனங்களும் நன்றாகப் பூச்சி பிடிக்கின்றனவே என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. 2004இல் ஹோல்கர் போன், வால்டர் ஃபெடர்லே இருவரும் விளிம்பு வளையத்தைப் பரிசோதித்து விடையைக் கண்டார்கள். அவர்கள் சோதனைக்கு எடுத்தது போர்னியோவின் நெப்பந்தஸ் பைகால்கரேட்டா குடுவையும், மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பும்.

எறும்பின் காலை உற்றுப் பார்த்தால் அதில் இரண்டு பிடிப்புக் கருவிகள் தெரியும். ஒன்று, மென்மையான பஞ்சு போன்ற ஒட்டுத்தலம். கண்ணாடியில்கூட ஏற உதவுவது இதுதான். இரண்டு, கொக்கி போன்ற நகங்கள். சொரசொரப்பான பரப்பில் மாட்டிக்கொள்பவை. விளிம்பு வளையம் இரண்டையும் வெவ்வேறு வழியில் தோற்கடிக்கிறது:

1. விளிம்பின் பரப்பு தண்ணீரை விரட்டுவதில்லை. துளியாகத் திரளவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகிறது. பெரும்பாலான இலைகள் இதற்கு நேர் எதிர். தாமரை இலையில் தண்ணீர் உருண்டு ஓடும்.
2. அந்த நீர்ப்படலம் எறும்பின் ஒட்டுத்தலத்துக்கும் விளிம்புக்கும் நடுவே புகுந்து, இரண்டும் தொடவே விடாமல் செய்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் காரின் டயர் பிடிமானம் இழப்பது போலத்தான்.
3. விளிம்பின் வரிகள் வாயை நோக்கி ஓடுகின்றன. ஒவ்வொரு வரியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய செல்களால் ஆனது. உட்புறமாக இறங்கும் படிக்கட்டு அமைப்பு. உள்ளே வழுக்கும் எறும்பின் நகத்துக்கு மாட்டிக்கொள்ள எந்த முனையும் கிடைக்காது.
4. நீர்ப்படலம் நகத்தை ஒன்றும் செய்வதில்லை. படி அமைப்பு ஒட்டுத்தலத்தை ஒன்றும் செய்வதில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் எறும்பு விழும்.

நான்காவது புள்ளியில் ஒரு முக்கியமான விளைவு ஒளிந்திருக்கிறது. விளிம்பு காய்ந்திருந்தால் எறும்பு அதன்மேல் சாவகாசமாக நடந்து, தேனை நக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். மழை, பனி, காற்றின் ஈரப்பதம் ஆகியவைதான் பொறியை இயக்குகின்றன. தேனில் உள்ள சர்க்கரை ஈரத்தை இழுக்கும் என்பதால், காற்று கொஞ்சம் ஈரமானாலே விளிம்பு நனைந்துவிடுகிறது. 2016இல் பெய்ஜிங் ஆய்வாளர்கள் நெப்பந்தஸ் அலாட்டாவின் விளிம்பை நுண்ணோக்கியில் படமெடுத்து, வரிகளுக்கு இடையிலான நுண்குழிகள் தண்ணீரை உள் ஓரத்திலிருந்து வெளி ஓரம் நோக்கித் தானாகவே நகர்த்திச் செல்வதைக் காட்டினார்கள். ஆக, உள் ஓரத்தில் கொஞ்சம் ஈரம் சுரந்தாலும் முழு விளிம்பும் நனையும்.

பாதி நேரம் வேலை செய்யாத பொறி

சரி, வெயில் நேரத்தில் சும்மா கிடக்கும் பொறியால் செடிக்கு என்ன லாபம்? குறைபாடு போலத்தான் தோன்றும். புருணையில் நெப்பந்தஸ் ரஃப்லீசியானாவை வைத்து உல்ரிக்கே பவர் குழுவினர் செய்த, 2015இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது.

எறும்புக் கூட்டம் உணவு தேடும்போது முதலில் ஒற்றர் எறும்புகள் சில மட்டும் அலையும். தேன் கிடைத்த ஒற்றர் எறும்பு கூட்டுக்குத் திரும்பி மற்றவற்றை அழைத்து வரும். விளிம்பு எந்நேரமும் ஈரமாக இருந்தால் அந்த ஒற்றரே விழுந்து செத்துவிடும். கூட்டுக்குச் செய்தி போகாது. காய்ந்த நேரத்தில் ஒற்றர் பிழைத்துப் போய்க் கூட்டத்தைக் கூட்டி வருகிறது. அந்தச் சமயத்தில் விளிம்பு நனைந்தால் எறும்புகள் கொத்துக்கொத்தாக விழுகின்றன. செயற்கையாகத் தொடர்ந்து ஈரமாக வைத்த குடுவைகளில் இப்படிக் கொத்தாக எறும்பு விழுவது குறைந்துபோனது.

செடி திட்டம் போட்டு எறும்பை விட்டுப் பிடிக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. செடிக்குத் திட்டம் கிடையாது. விட்டு விட்டு வேலை செய்யும் பொறியால் நட்டம் இல்லை என்பதால் அந்த அமைப்பு நிலைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மழையை நேரடியாகவே ஆயுதமாக்கும் இனமும் உண்டு. நெப்பந்தஸ் கிராசிலிஸின் மூடி அடிப்பக்கத்தில் மெழுகு படிந்திருக்கும். எறும்பு அதில் தலைகீழாக நின்று தேன் குடிக்க முடியும். மேலே ஒரு மழைத்துளி விழுந்தால் மூடி சட்டென்று கீழே அதிர்ந்து எறும்பை உதறிக் குடுவைக்குள் தள்ளிவிடும். குடுவைத் தாவர மூடியின் வேகமான அசைவு என்றால் இதுதான். இதிலும் அசைப்பது செடி அல்ல, மழை.

விழுந்தது ஏன் ஏறி வருவதில்லை?

மெழுகுப் பகுதி பயன்படுவது இங்கே. அதன் மேற்பரப்பில் உள்ள மெழுகுத் துகள்கள் எளிதில் உடைந்து எறும்பின் ஒட்டுத்தலத்தில் அப்பிக்கொள்கின்றன. அதற்கு அடியில் உள்ள மெழுகு அடுக்கோ கால் நன்றாகப் படிய இடம் தராத அளவுக்கு நுண்சொரசொரப்பானது. ஏறப் பார்க்கும் பூச்சி மறுபடி திரவத்திலேயே விழுகிறது.

திரவமும் சாதாரணமானதல்ல. ரஃப்லீசியானாவின் திரவத்தை விரலால் தொட்டு எடுத்தால் நூல் இழுக்கும். லாரன்ஸ் கோம், யோயல் ஃபோர்டெர் ஆகியோர் 2007இல் இதை அளந்தார்கள்: பூச்சி கை காலை உதறும் வேகத்தில் அந்தத் திரவம் ரப்பர் போல எதிர்த்து இழுக்கிறது. வெப்பமண்டல மழையில் நன்றாக நீர்த்துப்போன பின்னும் இந்தக் குணம் போவதில்லை. உதற உதறச் சிக்கிக்கொள்ளும் ஏற்பாடு. தண்ணீரில் விழுந்தால் பறந்து தப்பிவிடக்கூடிய ஈக்கள் இதில் தப்புவதில்லை.

செரிமானம் படிப்படியாக

குடுவைக்குள் நடப்பது அழுகலா, செரிமானமா என்பது 19ஆம் நூற்றாண்டில் பெரிய விவாதம். லண்டன் கியூ பூங்காவின் இயக்குநர் ஜோசஃப் ஹூக்கர் (காசியானாவுக்கு 1873இல் பெயரிட்டவரும் இவர்தான்) குடுவைகளுக்குள் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, பச்சை இறைச்சி, குருத்தெலும்பு எல்லாம் போட்டுப் பார்த்தார். ஒரே நாளில் துண்டுகளின் ஓரம் கரையத் தொடங்கியது. 1874இல் பெல்ஃபாஸ்டில் நடந்த அறிவியல் கூட்டத்தில் அவர் இதை அறிவித்தார். அதன்பிறகும், செரிப்பது பாக்டீரியாதான், செடி அல்ல என்று சிலர் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். செடியின் சொந்த நொதிகளைத் தனியே பிரித்துக் காட்டிய பின்தான் விவாதம் ஓய்ந்தது.

இன்று தெரிந்தவரை வரிசை இப்படி:

1. உணர்தல். விழுந்த பூச்சியிலிருந்து கசியும் அம்மோனியமும், அதன் ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளும் சுரப்பிகளுக்குச் செய்தி தருகின்றன. ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் இதில் தூது போகிறது.
2. அமிலமாக்கல். சுரப்பிச் செல்கள் ஹைட்ரஜன் அயனிகளைத் திரவத்துக்குள் வெளியேற்றுகின்றன. பிஎச் அளவு 2, 3 வரை இறங்கும். நம் இரைப்பையின் அமில நிலைக்குக் கிட்டத்தட்ட இணை.
3. உடைத்தல். புரதத்தை வெட்டுவது நெப்பந்தசின். இது நம் இரைப்பையில் உள்ள பெப்சினின் வகையைச் சேர்ந்த நொதி. அதன் அமைப்பை விளக்கிய 2004ஆம் ஆண்டு ஆய்வில் நொதியைப் பிரித்தெடுத்தது இலங்கையின் டிஸ்டிலேட்டோரியாவிலிருந்துதான். புரதத்தின் வடிவத்தை இறுக்கிப் பிடிக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகள் பெப்சினில் 3, நெப்பந்தசினில் 6. வெயிலில் நாள்கணக்கில் நிற்கும் திரவத்தில் கெடாமல் இருக்க இது உதவுகிறது. இதோடு கைட்டினை உடைக்கும் கைட்டினேஸ், மரபணுப் பொருளை உடைக்கும் நியூக்ளியேஸ், பாஸ்பரஸைப் பிரித்தெடுக்கும் பாஸ்பட்டேஸ் ஆகியவையும் கலந்திருக்கின்றன.
4. உறிஞ்சல். நொதியைச் சுரக்கும் அதே சுரப்பிகள்தான் கரைந்த சத்தையும் உள்ளே இழுக்கின்றன. இலையின் மற்ற இடங்களை மூடியிருக்கும் நீர்புகாத் தோல் சுரப்பியின்மேல் இருப்பதில்லை. அம்மோனியம், அமினோ அமிலம் போன்றவை தனித்தனி வாயில்கள் வழியாகப் போகின்றன. சில முழுப் புரதங்களைக்கூடச் செல் அப்படியே விழுங்குகிறது.
5. மிச்சம். கைட்டினேஸ் இருந்தும் ஓடு முழுதாகக் கரைவதில்லை. பழைய குடுவையைப் பிளந்தால் அடியில் எறும்புத் தலைகளும் வண்டு ஓடுகளும் கறுப்பு வண்டலாகத் தங்கியிருக்கும்.

இவ்வளவு இறைச்சி கிடந்தும் பூஞ்சை பிடிக்காததற்கு அமிலம் ஒரு காரணம். இன்னொரு காரணமாக, காசியானாவின் திரவத்தில் பிளம்பாஜின், டுரோசெரோன் என்ற பூஞ்சைக்கொல்லிப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. பிளம்பாஜின் நமக்குப் புதிதல்ல: சித்த மருத்துவத்தில் பயன்படும் கொடிவேலி வேரின் காரம் அதே பொருளால்தான் வருகிறது.

இந்த நொதிகள் எங்கிருந்து வந்தன?

ஒரு செடிக்கு வயிறு முளைத்தது எப்படி என்பதுதான் டார்வின் காலத்திலிருந்தே தொடரும் கேள்வி. 2017இல் செபலோட்டஸின் மரபணுத் தொகுதியைப் படித்த கென்ஜி ஃபுகுஷிமா குழுவினர் ஒரு பகுதி விடையைத் தந்தார்கள்.

எல்லாச் செடிகளும் பூஞ்சைத் தாக்குதலை எதிர்க்கக் கைட்டினேஸ் சுரக்கின்றன, ஏனென்றால் பூஞ்சையின் செல்சுவரும் கைட்டின்தான். பூச்சி ஓடும் அதுவே. பாஸ்பரஸ் தட்டுப்பாட்டில் பயன்படும் பாஸ்பட்டேஸும் எல்லாச் செடியிலும் இருப்பது. பூச்சியுண்ணும் செடிகள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நோயையும் தட்டுப்பாட்டையும் சமாளிக்க ஏற்கெனவே கையில் இருந்த நொதிகளைக் குடுவைக்கு மாற்றிக்கொண்டன. இதில் வியப்பானது என்னவென்றால், உறவே இல்லாத செபலோட்டஸும் நெப்பந்தஸும் சாரசீனியாவும் தனித்தனியே ஒரே நொதிக் குடும்பங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கின்றன. இலையிலிருந்து வயிற்றுக்குப் போக வழிகள் அதிகம் இல்லை போலும்.

பூச்சியை விட்டு எச்சத்துக்குப் போனவை

நோக்கம் நைட்ரஜன்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. போர்னியோவின் சில இனங்கள் பூச்சி பிடிப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டன.

நெப்பந்தஸ் லோவியின் மேல் குடுவை அகன்ற வாயும் உறுதியான கழுத்தும் கொண்டது. மலை மூஞ்சூறு போலத் தெரியும் டுப்பாயா என்ற சிறு விலங்கு அதன்மேல் ஏறி உட்கார்ந்து மூடியில் சுரக்கும் வெண்மையான பொருளை நக்கும். நக்க வசதியாக உட்காரும்போது அதன் பின்பக்கம் சரியாகக் குடுவை வாய்க்கு மேலே வரும். விழும் எச்சம் செடிக்குப் போகிறது. சார்ல்ஸ் கிளார்க் குழுவினர் 2009இல் அளந்தபோது, இலையில் உள்ள நைட்ரஜனில் 57 முதல் 100 விழுக்காடு வரை இந்த வழியாக வந்திருந்தது.

நெப்பந்தஸ் ஹெம்ஸ்லியானாவின் குடுவையில் வௌவால் பகலில் உறங்குகிறது. அதன் எச்சமும் உரம்தான். குடுவையின் பின்சுவர் வௌவாலின் மீயொலியைத் தெளிவாகத் திருப்பி அனுப்பும் வளைவில் அமைந்திருக்கிறது என்று 2015இல் கண்டார்கள். அடர்ந்த இலைகளுக்கு நடுவே தங்குமிடத்தை வௌவால் அடையாளம் காண இது போதும். ஆம்புலேரியா என்ற இனம் மூடியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு தரையில் வாய் திறந்து கிடக்கிறது. மரங்களிலிருந்து உதிரும் சருகு அதன் நைட்ரஜன் வரவில் கணிசமான பங்கு.

ஆய்வுக்கூடத்துக்குப் போன குடுவை

விளிம்பின் நீர்ப்படலத்தைப் பார்த்து ஜோவன்னா ஐசன்பெர்க்கின் ஹார்வர்டு ஆய்வுக்கூடம் 2011இல் ஒரு செயற்கைப் பரப்பைச் செய்தது. நுண்துளைப் பொருளில் வழவழப்பான எண்ணெயைத் தங்கவைத்தால், ரத்தம், கச்சா எண்ணெய், பனி எதுவும் ஒட்டாது என்று காட்டினார்கள். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகம் வேறு பக்கம் போனது: குடுவைத் திரவத்தில் நெப்ரோசின் என்ற நொதியைக் கண்டது. கோதுமையின் குளூட்டனில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய இருப்பதால் நம் நொதிகள் அதை முழுதாக வெட்டத் தடுமாறும். நெப்ரோசின் குறிவைத்து வெட்டுவதே புரோலினை. குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்கு இது உதவுமா என்ற ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்கியது. இது ஆராய்ச்சிதான், மருந்து அல்ல.

தொட்டியில் வைக்க நினைப்பவர்களுக்கு

1. கொசு ஒழியாது. நெப்பந்தஸுக்கு அதிகம் சிக்குவது எறும்பு. கொசு நம் மூச்சையும் உடல் சூட்டையும் தேடி வருவது. குடுவைத் தேன் அதற்கு அவ்வளவு பொருட்டல்ல. போதாக்குறைக்கு, இந்தத் திரவத்திலேயே முட்டையிட்டு வளரும் கொசு இனங்கள் காடுகளில் உண்டு. அவற்றின் புழுக்களை அமிலமும் நொதியும் ஒன்றும் செய்வதில்லை.
2. மண்ணில் உரம் போடக் கூடாது. உப்பு நிறைந்த போர்த் தண்ணீரும் ஆகாது. மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றலாம். ஏசி அறையில் ஈரப்பதம் குறைவு என்பதால் புதுக் குடுவைகள் முனையிலேயே கருகிவிடும்.
3. சமையல் இறைச்சியை உள்ளே போட்டுப் பார்க்க வேண்டாம். செரிக்கும் அளவைத் தாண்டினால் குடுவையே அழுகிவிடும்.
4. நர்சரிகளில் கிடைப்பவை பெரும்பாலும் கலப்பினங்கள். பிலிப்பைன்ஸ் இனங்கள் இரண்டைக் கலந்து உருவாக்கிய வென்ட்ரேட்டா அவற்றில் சாதாரணமாகக் கிடைப்பது. காட்டிலிருந்து பிடுங்கிய காசியானா என்று யாராவது விற்றால் அது குற்றம். சுரங்கங்களாலும் செடி பறிப்பாலும் அருகிவிட்ட அந்த இனம் இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பிலும் இருக்கிறது. நெப்பந்தஸில் அந்த முதல் இணைப்பில் உள்ளவை இரண்டே இனங்கள்: மேகாலயாவின் காசியானா, போர்னியோவின் ராஜா.